துணிக்குச் சாயம்... தண்ணீர் இல்லாமலா?

ஆயக்குடியில் எங்கள் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் பை நிறையக் கொய்யாப்பழம் கொடுத்து அனுப்பினோம். எல்லாரும் பழத்தைப் புகழ்ந்தார்கள். சென்னிமலைப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் சம்பந்தியம்மா மட்டும் பழத்தைத் தொடவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை வாங்கிக் கடகடவென்று குடித்துவிட்டுச் சொன்னார்:

"ஏனுங் சம்பந்தி, உங்கூட்டுத் தண்ணி இனிக்குதுங்களே! எங்க தோட்டத்துக் கெணத்துத் தண்ணியில பருப்பு வேகாதுங்க. குடிக்கறதுக்குக் கேன் தண்ணிதான். கெணறு நெறையத் தண்ணி கெடந்து என்ன பிரயோசனம்?"

அவர்கள் தோட்டம் நொய்யல் ஆற்றை ஒட்டியது. அந்த ஆற்றில் பல வருஷம் ஓடியது திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவுநீர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை மகள், கல்லூரியில் படிக்கிறவள், சட்டென்று சொன்னாள்: "அத்தை, இப்போ தண்ணியே இல்லாம சாயம் போடுறாங்களாம். போன்ல பார்த்தேன்."

சம்பந்தியம்மா சிரித்தார். "அப்படி ஒண்ணு இருந்தா முப்பது வருசத்துக்கு முன்னாடியே வந்திருக்கக் கூடாதா கண்ணு?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தண்ணீர் இல்லாமல் சாயம் ஏற்ற முடியுமா? முடியும் என்றால் எந்தத் துணிக்கு? அதனால் ஆறு பிழைக்குமா? அந்தத் துணி நம் உடம்புக்கு ஆகுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு பனியனுக்கு எத்தனை குடம்?

பருத்தித் துணி நெய்து வந்ததும் நேராகச் சாயத் தொட்டிக்குப் போவதில்லை. முதலில் அதிலுள்ள மெழுகும் அழுக்கும் போகக் காரம் போட்டு வேகவைக்க வேண்டும். பிறகு வெளுக்க வேண்டும். அதன் பிறகு சாயம். சாயத்துக்குப் பின் ஒட்டாத நிறம் போகும்வரை சோப்புப் போட்டு அலசி அலசி எடுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர்!

இப்படி ஒரு கிலோ துணி சாயமேறி வெளியே வருவதற்குள் சுமாராக 50 லிட்டரிலிருந்து 100 லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் செலவாகும். இயந்திரத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். அரைக் கிலோ எடையுள்ள பருத்திச் சேலை ஒன்றுக்கு இரண்டு மூன்று குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது உப்பு!

1956-ல் சந்தைக்கு வந்த 'ரியாக்டிவ்' சாயங்கள்தான் இன்று பருத்திக்கு அதிகம் பயன்படுகின்றன. பளிச்சென்ற நிறம், துவைத்தாலும் போகாது. ஆனால் தண்ணீரில் நனைந்த பருத்தியும் இந்தச் சாயமும், ஒரே முனையைக் காட்டி நிற்கும் இரண்டு காந்தங்கள் மாதிரி, ஒன்றையொன்று தள்ளும். இரண்டையும் நெருங்க வைக்கத்தான் உப்பு. நெருங்கிய பிறகு சாயத்தை நாரோடு பிணைக்கச் சோடா உப்பு.

எவ்வளவு உப்பு? நடுத்தர நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராம் சாதாரணம். கறுப்பு, கருநீலம் என்றால் இன்னும் அதிகம். ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் சாயநீர் என்று கணக்கிட்டால் அரைக் கிலோ உப்பு! நம் வீட்டுச் சமையலுக்கு எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. வந்த வேலையை முடித்துவிட்டு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே போகிறது. சாயத்திலும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ துணியில் பிடிக்காமல் கூடவே போகிறது. நிறத்தை எடுக்க வழி உண்டு. கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் எடுக்க முடியாது. சம்பந்தியம்மா வீட்டுப் பருப்பு வேகாததன் ரகசியம் அங்கேதான் இருக்கிறது.

அணை நிறையத் தண்ணீர்... ஆனால் வேண்டாம்!

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிற நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. பாசனத்துக்காக அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டினார்கள். 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவுநீர் தேங்கும் தொட்டியாகிவிட்டது. 'அணையைத் திற' என்று விவசாயிகள் போராடுவதைத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே 'தயவுசெய்து திறக்காதே' என்று போராடினார்கள்!

உப்புத் தண்ணீர் பாய்ந்த மண் இறுகும். வேர் தண்ணீரை உறிஞ்சத் திணறும். பக்கத்து மண் வழியாக அது கிணறுகளிலும் இறங்கும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் சாயப்பட்டறைகள் தப்ப முடியாது என்று உறுதி செய்தது. அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ம் தேதி உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. ஆறு மூச்சு விட்டது. ஆனால் அந்த வேலையை நம்பி வெளியூர்களிலிருந்து போயிருந்த குடும்பங்கள் சோற்றுக்குத் திண்டாடின. இரண்டு பக்கமும் கண்ணீர்தான்.

பிறகு கழிவுநீரை வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கும் நிலையங்களோடு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. இது பெரிய முன்னேற்றம். ஆனால் இதற்கு மின்சாரமும் விறகும் ஏராளமாக வேண்டும். கடைசியில் பிரிக்க முடியாத உப்புக் கசடு மிஞ்சுகிறது. அதை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி.

நொய்யல் நமக்கென்ன என்று ஆயக்குடிக்காரர்கள் இருந்துவிட முடியாது. பழநி மலைத்தொடரிலிருந்து இறங்கும் தண்ணீர் சண்முகநதியாகி அமராவதியில் சேர்கிறது. அந்த அமராவதிதான் கரூரைத் தொடுகிறது. போர்வை, திரைச்சீலை, மேஜை விரிப்பு என்று உலகத்துக்கே அனுப்பும் கரூரிலும் சாயப்பட்டறைகள் உண்டு. அங்கேயும் ஆறு பட்ட பாடு ஊரறிந்தது. தோல் பதனிடும் கழிவால் திண்டுக்கல் பகுதி பட்ட கஷ்டம், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலேயே இடம்பெற்றது. ஆக, இது நம் வீட்டுக் கதைதான்.

சோடா பாட்டிலில் ஒரு சாயப்பட்டறை

சரி, தண்ணீர் இல்லாத சாயத்துக்கு வருவோம்.

சோடாவில் பொங்கும் காற்று என்ன? கார்பன் டை ஆக்ஸைடு. நாம் வெளியே விடும் மூச்சிலும் அதுதான் இருக்கிறது. இந்த வாயுவை 31 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 73 மடங்குக்கு மேல் அழுத்தினால் ஒரு வேடிக்கை நடக்கிறது. அது வாயுவாகவும் இல்லை, திரவமாகவும் இல்லை, இரண்டுங்கெட்டான் நிலைக்கு வந்துவிடுகிறது! வாயு மாதிரி இண்டு இடுக்கெல்லாம் நுழையும். திரவம் மாதிரி சாயத்தைக் கரைக்கும்.

வீட்டு பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் இருந்தாலே விசில் அடிக்கிறது. இங்கேயோ கனமான எஃகுக் கலத்துக்குள் துணியையும் சாயப் பொடியையும் வைத்து, சுமார் 120 டிகிரி சூட்டில் 250 மடங்கு அழுத்தம் கொடுக்கிறார்கள். வாயு சாயத்தைச் சுமந்துகொண்டு நாருக்குள் புகுந்து அங்கேயே விட்டுவிடுகிறது. பிறகு அழுத்தத்தைக் குறைத்தால் வாயு பிரிந்துவிடும். மிஞ்சிய சாயம் பொடியாக அடியில் விழும். துணி காய்ந்தே வெளியே வரும்! உலர்த்த அடுப்பும் வேண்டாம், அலசத் தண்ணீரும் வேண்டாம், உப்பும் வேண்டாம். வாயுவில் சுமார் 95 சதவீதத்தைப் பிடித்து மறுபடி பயன்படுத்தலாம்.

இந்த ஆராய்ச்சி 1980-களின் இறுதியில் ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரில் தொடங்கியது. நெதர்லாந்தின் டைக்கூ நிறுவனம் இதற்கான இயந்திரத்தைச் செய்தது. 2010-ல் தாய்லாந்தில் ஒரு துணி ஆலைக்கு அது போனது. 2013-ல் தைவானிலும் நிறுவப்பட்டது.

சம்பந்தியம்மா கேட்டாரே, 'முன்னாடியே வந்திருக்கக் கூடாதா' என்று? வந்திருந்தாலும் நொய்யலுக்கு அது அவ்வளவாக உதவியிருக்காது. காரணம், இந்த முறை பாலியெஸ்டருக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது. பருத்திக்கான சாயங்கள் தண்ணீரில் கரையும், இந்த வாயுவில் கரையாது. பருத்தி நாரும் தண்ணீரில்தான் உப்பி இடம் கொடுக்கும். திருப்பூரை வளர்த்ததோ பருத்திப் பனியன்! இயந்திரத்தின் விலையும் கோடிக்கணக்கில். சின்னப் பட்டறைக்காரர் எங்கே போவார்?

இடியாப்ப உழக்கும் இஸ்திரிப் பெட்டியும்

தண்ணீர் வேண்டாத வேறு முறைகளும் உண்டு.

ஒன்று, நூல் பிறக்கும்போதே நிறம் சேர்ப்பது. பாலியெஸ்டர் நூல் எப்படி உருவாகிறது? உருக்கிய குழம்பை, இடியாப்ப உழக்கில் மாவைப் பிழிவது போல, மிக நுண்ணிய துளைகள் வழியாகப் பிழிகிறார்கள். மாவிலேயே வண்ணத்தைக் கலந்துவிட்டால் இடியாப்பம் வண்ணமாகத்தானே வரும்? அதே கதைதான். நிறம் நாரின் உள்ளே வரைக்கும் இருப்பதால் வெயிலிலும் சீக்கிரம் வெளுக்காது. குறை ஒன்று உண்டு. ஒரே நிறத்தில் டன் கணக்கில் செய்தால்தான் கட்டுப்படியாகும். நாளுக்கொரு ஃபேஷன் கேட்கிற உலகத்துக்கு இது சரிப்படாது. பள்ளிச் சீருடை, குடைத்துணி, பை, திரைச்சீலைக்குச் சரியான முறை.

இரண்டாவது, காகிதத்திலிருந்து துணிக்கு மாற்றுவது. காகிதத்தில் படத்தை அச்சடித்து, பாலியெஸ்டர் துணிமேல் வைத்து, சுமார் 200 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக அழுத்தினால், சாயம் ஆவியாகித் துணிக்குள் போய் உட்கார்ந்துவிடும். உங்கள் பையன் போடுகிற கிரிக்கெட் ஜெர்சியில் எண்ணும் பெயரும் பெரும்பாலும் இப்படித்தான் வந்திருக்கும். ஆனால் அந்தக் காகிதம் கழிவாகிறது.

பருத்திக்கு என்ன வழி? முழுக்கத் தண்ணீர் இல்லாத முறை இன்னும் பட்டறைகளுக்கு வந்து சேரவில்லை. ஆனால் குறைக்கலாம். துணியைச் சாயத்தில் முக்கிப் பிழிந்து, உருளையில் சுற்றி, மூடி, சாதாரணச் சூட்டிலேயே பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ வைத்திருந்து பிறகு அலசும் முறை ஒன்று இருக்கிறது. இதில் உப்பே வேண்டாம். தண்ணீரும் கணிசமாகக் குறையும். சாயத்தை நுரையாக்கிப் பூசுவது, கணினி மூலம் அச்சடிப்பது என்பதெல்லாமும் உண்டு. இன்னொரு வழி, செடியிலேயே பழுப்பாகக் காய்க்கும் பருத்தி. இதைப் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் பயிரிட்டிருக்கிறார்கள். நிறங்கள் குறைவு, அவ்வளவுதான்.

ஆற்றுக்கு நல்லது... உடம்புக்கு?

இங்கேதான் நம்மைப் போன்ற குடும்பங்கள் யோசிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் சாயமேறுவது பாலியெஸ்டர். நம் ஊர் வெயிலுக்கு உடம்பு கேட்பது பருத்தி!

பருத்தி, காற்றிலிருந்தே தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. இறுக்கமான பாலியெஸ்டர் உடையில் வியர்வை தோலிலேயே தேங்கும். வேர்க்குரு, படர்தாமரை உள்ளவர்களுக்குத் தொல்லை கூடும். பாலியெஸ்டருக்குப் போடும் சில வகை நீலச் சாயங்கள் தோல் ஒவ்வாமை தரும் என்பதும் தெரிந்த விஷயம். அக்குள், கழுத்து, தொடை என்று துணி உரசும் இடங்களில் அரிப்பும் சிவப்பும் வரும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு துவைப்பிலும் பாலியெஸ்டர் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கிறது. அவை சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போகின்றன.

அப்படியென்றால் பருத்திதான் புனிதமா? அதுவும் இல்லை. 1895-லேயே லூட்விக் ரேன் என்ற ஜெர்மன் டாக்டர், சாயப் பொருள் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பை புற்றுநோய் வருவதைக் கவனித்துச் சொன்னார். அந்த வகையைச் சேர்ந்த அசோ சாயங்களை 1994-ல் ஜெர்மனி தடுத்தது. 1997-ல் இந்திய அரசும் எழுபது அசோ சாயங்களுக்குத் தடை போட்டது. முதலில் பாதிக்கப்படுவது துணி உடுத்துகிறவர் அல்ல. சாயத் தொட்டியில் கை விடுகிற தொழிலாளியும், ஆற்றோரத்தில் குடியிருப்பவரும்தான்.

ஆகவே இதை இடம் பார்த்துப் பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். உடம்போடு ஒட்டும் உள்ளாடை, குழந்தை உடை, இரவு உடை, தினசரிச் சேலை, வேட்டிக்குப் பருத்தி. அதுவும் வெளிர் நிறத்தில். பை, குடை, திரைச்சீலை, மழைக்கோட்டு, விளையாட்டு ஜெர்சி போன்றவற்றுக்குத் தண்ணீர் இல்லாமல் நிறமேறிய பாலியெஸ்டர். உடம்பும் கெடாது, ஆற்றுக்கும் பாரம் குறையும்.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

புதுத் துணியைத் துவைக்காமல் உடுத்தலாமா?
வேண்டாம். ஒட்டாத சாயமும், மொடமொடப்புக்குப் போட்ட ரசாயனமும் மேலே இருக்கலாம். ஒருமுறை அலசிவிட்டு உடுத்துங்கள். குழந்தைத் துணி என்றால் கட்டாயம்.

புதுச் சுங்குடிச் சேலையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா?
சின்னாளப்பட்டியில் சேலை வாங்கி வந்ததும் ஒரு கைப்பிடி கல்லுப்புப் போட்டு ஊறவைப்பது நம் வீடுகளில் வழக்கம். உப்பு, சாயமேற்றும்போது சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுமே தவிர, பிணைக்காது. நன்றாகப் பிணைந்த சாயத்துக்கு உப்பு தேவையில்லை, பிணையாத சாயத்தை உப்பால் நிறுத்தவும் முடியாது. முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். அது போதும்.

இயற்கைச் சாயம் என்றால் தண்ணீர் வேண்டாம்தானே?
தவறான எண்ணம். அவுரி, மஞ்சிட்டி, மாதுளைத் தோல் எதுவானாலும் தண்ணீர் வேண்டும். நிறம் பிடிக்கப் படிகாரம் போன்ற உலோக உப்பும் பெரும்பாலும் வேண்டும். படிகாரம் சாதுவானது. குரோமியம், தாமிர உப்புகள் போட்டால் அது இயற்கைச் சாயம் என்ற பெயரில் வரும் நஞ்சுதான்.

துணி வாங்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?
நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு சாயம், அவ்வளவு உப்பு. ஆகவே கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பைக் கொஞ்சம் குறையுங்கள். சாயமே போடாத, வெளுக்காத பருத்தி கிடைத்தால் விடாதீர்கள். கைக்குட்டையை நனைத்துத் துணியின் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் யோசியுங்கள். துணி உடுத்திய இடத்தில் அரிப்பு வந்து இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டால் கண்ட களிம்பைத் தடவாமல் தோல் டாக்டரைப் பாருங்கள். அந்தத் துணியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எல்லாவற்றிலும் லாபமான முறை எது?
ஐந்து சேலை வாங்குகிற இடத்தில் மூன்று வாங்குவது! வாங்காத சேலைக்குச் செலவாகும் தண்ணீர் பூஜ்யம், உப்பு பூஜ்யம். எந்த இயந்திரமும் இதை மிஞ்ச முடியாது.

காதுகுத்து முடிந்து சம்பந்தியம்மா கிளம்பும்போது வழக்கம்போலச் சேலை வைத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை சந்தன நிறப் பருத்தி. தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா மெத்துன்னு இருக்குதுங்க" என்றார். பிறகு கையில் இருந்த காலி வாட்டர் கேனை நீட்டினார்.

"சேலை இருக்கட்டுங்க சம்பந்தி. இதுல உங்கூட்டுத் தண்ணி ரொப்பிக் குடுங்க. ஊருக்குப் போயி ஒரு நாளாவது பருப்பு வேகட்டும்."